வைரம் ஏன் குளிர்கிறது?

சிக்கந்தராபாத்தின் ஜெனரல் பஜாரில் உள்ள நகைக் கடையொன்றுக்கு, நம் அன்னையாரின் ஏழு கல் தோடுகளைச் செப்பனிட எடுத்துச் சென்றிருந்தோம். பிறந்த ஊரை விட்டுப் பிற மாநிலத்தில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் பேச்சும் சமையலும் ஒரு தலைமுறையில் சிறிது மாறிவிடுவதுண்டு. வைரத் தோடு மட்டும் எளிதில் மாறுவதில்லை. கடைக்காரர் பேனாவைப் போன்ற ஒரு கருவியை எடுத்து, அதன் ஊசி முனையை ஒவ்வொரு கல்லின்மீதும் வைத்துப் பார்த்தார். வைத்தவுடன் சிறு விளக்கு எரிந்து மணி ஒலித்தது. இரு தோடுகளிலுமாகக் கற்கள் பதினான்கு. பதின்மூன்று முறை ஒலித்த மணி ஒருமுறை மட்டும் ஒலிக்கவில்லை. துடைத்துவிட்டு மீண்டும் வைத்தார். அப்பொழுதும் ஒலிக்கவில்லை. இது வைரமன்று என்று தெலுங்கில் சொல்லிவிட்டு அவர் அடுத்த வாடிக்கையாளரைக் கவனிக்கலானார்.

நமக்கோ மனம் அடுத்த வேலைக்குச் செல்லவில்லை. அக்கருவி கல்லின் ஒளியைப் பார்க்கவில்லை. அதன் கடினத்தை உரசிப் பார்க்கவில்லை. எடை போடவும் இல்லை. பின் எதனைக் கண்டது? கேட்டறிந்தபோது விடை எளிதாக இருந்தது. ஊசி முனை சற்றுச் சூடானது. அச்சூட்டைக் கல் எத்துணை விரைவாக இழுத்துக்கொள்கிறது என்று அளப்பதே கருவியின் தொழில். பழைய வைர வணிகர் இதே சோதனையை உதட்டால் செய்தனர். கல்லை உதட்டில் ஒற்றினால் வைரம் சில்லென்று குளிரும். அதன்மீது மூச்சை ஊதினால் படிந்த ஆவி கண்ணிமைப் பொழுதில் மறையும். கண்ணாடியிலோ அது தங்கி நிற்கும்.

வைரம் குளிர்ந்த பொருளன்று. அது இருக்கும் அறையில் எத்துணை வெப்பமோ அத்துணை வெப்பமே அதற்கும் உண்டு. உதட்டின் சூட்டை அது வாங்கி உடனே அப்பால் அனுப்பிவிடுவதால் நமக்குக் குளிர்கிறது. வெப்பத்தை அனுப்புவதில் செம்பைவிட அது ஏறத்தாழ ஐந்து மடங்கு வல்லது. ஆயினும் மின்சாரத்தை அது அனுப்புவதில்லை. வெள்ளியும் செம்பும் பொன்னும் இரண்டையும் நன்கு அனுப்ப, மரமும் கண்ணாடியும் இரண்டையும் தடுக்க, வைரம் மட்டும் ஒன்றுக்கு வழி விட்டு மற்றொன்றுக்குக் கதவடைப்பது ஏன்? பௌதிக நூலாரை நெடுங்காலம் தொல்லைப்படுத்திய இக்கேள்விக்கும் நாம் குடியிருக்கும் இவ்வூருக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

கோல்கொண்டா வைரம் என்று உலகம் கூறினும் கோல்கொண்டாக் கோட்டைக்குள் வைரம் விளைந்ததில்லை. சுரங்கங்கள் அவ்வரசின் கிழக்குப் பகுதியில், கிருஷ்ணை ஆற்றங்கரையிலும் அதற்கு அப்பாலும் இருந்தன. தலைநகர் சந்தை, கோட்டைக்கும் நகருக்கும் இடைப்பட்ட கார்வான் பகுதியில் வைர வணிகர் கடை பரப்பினர். 17ஆம் நூற்றாண்டில் இங்கு வந்து சென்ற பிரெஞ்சு வணிகர் தவர்னியே, 1676இல் வெளியான தம் பயண நூலில், கொல்லூர்ச் சுரங்கம் கோல்கொண்டாவிலிருந்து ஏழு நாள் பயணத் தொலைவில் இருந்ததென்றும், ஆண் பெண் குழந்தைகள் என ஏறத்தாழ 60,000 பேர் அங்கு உழைத்தனரென்றும் எழுதுகிறார். வேறொரு சுரங்கத்தில், ஒரு கல்லைத் திருடிக் கண்ணின் ஓரத்தில் ஒளித்து வைத்த தொழிலாளி ஒருவனைத் தமக்குக் காட்டினர் என்றும் குறிக்கிறார். இடுப்புத் துணியன்றி வேறு உடையில்லாத கூலியாளுக்கு ஒளிக்க வேறிடம் ஏது? அக்கல்லின் எடை ஒரு ‘மாஞ்செலின்’ என்பது அவர் கணக்கு. அந்நிய ஒலிபோல் தோன்றும் இச்சொல் நம்முடைய மஞ்சாடியே. பொன்னும் மணியும் நிறுக்க நம் தட்டார் வைத்திருந்த அதே சிவப்பு விதை, தெலுங்கர் நாவில் சிறிது திரிந்து பிரெஞ்சு நூலுக்குள் புகுந்திருக்கிறது. கொல்லூர் இன்று புலிசிந்தல நீர்த்தேக்கத்தின் நீருக்குள் இருக்கிறது.

இவ்விடத்தில் நம் தொழிலைப் பற்றிச் சிறிது கூற நேயர்கள் இடம் தர வேண்டும். நாம் மைய அரசின் மொழிபெயர்ப்பாளர். கலைப் பட்டம் பெற்றவர். பௌதிகம் பள்ளியோடு நின்றது. சில ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் அலுவலகத்தில் பணி செய்தபோது, ஒரே வாரத்தில் இரண்டு குறிப்புகள் நம் மேசைக்கு வந்தன. ஒன்று விமான நிலையத்தில் வைரம் பிடிபட்ட செய்தி. மற்றொன்று வைரத்தின் வழியே வெப்பம் பரவுவது பற்றிய விளக்கம். இரண்டுக்கும் தமிழில் ‘கடத்தல்’ என்றே எழுத வேண்டியிருந்தது. தட்டச்சு செய்தவர் தலைப்புகளை மாற்றி ஒட்டிவிட்டார். எழுத்து மூலம் விளக்கம் கேட்கப்பட்டது நம்மிடம், நாமும் அளித்தோம். அன்று சினமாக இருந்தது. பின்னர் எண்ணிப் பார்க்கையில் அச்சொல் மிகப் பொருத்தமானது என்று தோன்றிற்று. கடத்தல் என்றால் கடத்துபவர் ஒருவர் இருந்தாக வேண்டும். பொருளின் உள்ளே வெப்பத்தையும் மின்சாரத்தையும் கையில் எடுத்துக்கொண்டு போகிறவர் யார் என்பதுதான் இக்கதை முழுவதும்.

முதலில் அறிஞர் கண்டது, எல்லாப் பொருளும் ஒன்றுபோல் அல்ல என்பதே. 1729இல் இங்கிலாந்தில் ஸ்டீபன் கிரே என்பவர், உரசி மின்னேற்றிய கண்ணாடிக் குழாயிலிருந்து நூலின் வழியே மின்சாரம் நெடுந்தூரம் செல்வதைக் கண்டார். அந்நூலைப் பட்டிழையால் தொங்கவிட்டபோது மின்சாரம் ஓடிற்று. பித்தளைக் கம்பியால் தொங்கவிட்டபோது அது கம்பி வழியே நழுவிப் போயிற்று. வெப்பத்தை ஒப்பிட்டவர் இங்கன்ஹவுஸ். 1780களில் அவர் பல உலோகக் கம்பிகளின்மேல் மெழுகைப் பூசி, ஒரு முனையைச் சூடாக்கி, எதில் மெழுகு அதிகத் தொலைவு உருகுகிறது என்று பார்த்தார். வெள்ளியும் செம்பும் முந்தின. இரும்பும் ஈயமும் பிந்தின. நம் பள்ளிக்கூட ஆய்வகத்தில் இதே சோதனையைச் செய்து காட்டிய ஆசிரியர், உருகிய மெழுகை அளப்பதற்குள் மணி அடித்துவிட்டது.

1853இல் ஜெர்மானியர் வீடமானும் பிரான்சும் ஒரு வியப்பான உண்மையை அறிவித்தனர். மின்சாரத்தை நன்கு கடத்தும் உலோகம் வெப்பத்தையும் அதே விகிதத்தில் நன்கு கடத்துகிறது. இரண்டு வரிசைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வெள்ளி, செம்பு, பொன் என்று ஒரே முறையில் நிற்கின்றன. அப்படியானால் இரண்டையும் சுமப்பவர் ஒருவரே அன்றோ? 1897இல் எலெக்ட்ரான் என்னும் நுண்துகளை ஜே. ஜே. தாம்சன் கண்டறிந்தார், 1900இல் துரூதே என்பவர், உலோகத்தில் அணுக்கள் தம் வெளிப்புற எலெக்ட்ரான்களைப் பொதுவில் விட்டுவிடுகின்றன, அவை சந்தைக் கூட்டம்போல் எங்கும் திரிகின்றன, அவையே மின்சாரத்தையும் வெப்பத்தையும் தூக்கிச் செல்கின்றன என்றார். இக்கொள்கையின் கணக்கில் இருந்த பிழைகளை 1927, 1928ஆம் ஆண்டுகளில் சொமர்பெல்டும் பிளாக்கும் புதிய குவாண்டம் விதிகளைக் கொண்டு திருத்தினர். அடிப்படை நிலைத்தது.

இதற்குச் சான்று அடுப்பங்கரையிலேயே உண்டு. ஒரு மீட்டர் கனத்தில் ஒரு பாகை வேறுபாட்டுக்கு இத்தனை வாட் என்னும் அளவில் செம்பின் வெப்பக் கடத்தல் ஏறத்தாழ 400. அதில் துத்தநாகத்தைக் கலந்து பித்தளையாக்கினால் 110 அளவுக்கு இறங்கிவிடுகிறது. தூய இரும்பு 80. அதனோடு குரோமியமும் நிக்கலும் சேர்ந்த எவர்சில்வர் 15 அல்லது 16தான். ஒழுங்காக நிற்கும் அணுக்களின் இடையே வேறினத்து அணுக்கள் புகுந்தால் எலெக்ட்ரான்கள் முட்டி மோதி வழி தவறுகின்றன. எவர்சில்வர்ப் பாத்திரத்தில் நடுப்பகுதி மட்டும் அடிப்பிடிப்பதற்கும், அதற்காகவே அடியில் செம்பு பூசி விற்பதற்கும் காரணம் இதுவே. நம் பாட்டிமார் பித்தளையை விட்டு எவர்சில்வருக்கு மாறியபோது வெப்பத்தின் கணக்கில் நட்டமே அடைந்தனர். ஈயம் பூசும் தொல்லை ஒழிந்ததே, அதுபோதும் என்று அவர்கள் மாறியிருக்கலாம். அதனை நாம் குறை கூற மாட்டோம்.

உலோகத்துக்கு இக்கொள்கை போதும். வைரத்தின் முன் அது வாய் மூடி நின்றது. வைரம் வெறும் கரி. ஒவ்வொரு கரி அணுவும் தன் நான்கு வெளிப்புற எலெக்ட்ரான்களையும் சுற்றியுள்ள நான்கு அணுக்களோடு கை கோத்துக்கொள்வதற்குச் செலவிட்டுவிடுகிறது. சந்தைக்கு அனுப்ப ஒன்றும் மிஞ்சுவதில்லை. ஆகவே மின்சாரம் ஓடாது என்பது விளங்குகிறது. தூய வைரத்தின் மின்தடை செம்பின் தடையைவிட ஒன்றை எழுதி ஏறத்தாழ இருபது சுழி சேர்த்த எண்ணின் மடங்கு, சில கற்களில் அதற்கும் மேல். ஆனால் சுமப்பவரே இல்லாத இடத்தில் வெப்பம் எப்படி ஓடுகிறது, அதுவும் செம்பை வென்று?

விடை அணுக்களின் நடுக்கத்தில் இருந்தது. 1907இல் ஐன்ஸ்டைன், திடப் பொருள்களின் அணுக்கள் அதிர்வதைக் குவாண்டம் முறையில் கணக்கிட்டபோது எடுத்துக்கொண்ட சான்று வைரமே. அதன் வெப்ப அளவுகளைச் சூரிச்சில் அவருக்கு ஆசிரியராக இருந்த வேபர் பல ஆண்டுகட்கு முன்னரே எடுத்து வைத்திருந்தார். 1911இல் ஆய்க்கென், படிகங்களைக் குளிரவைக்கக் குளிரவைக்க அவற்றின் வெப்பக் கடத்தல் கூடுகிறது என்று காட்டினார். டெபை 1914இலும் பையர்ல்ஸ் 1929இலும் இதற்குக் காரணம் உரைத்தனர். ஓர் அணு நடுங்கினால் அதனோடு கை கோத்த அணுவும் நடுங்குகிறது. அந்நடுக்கம் அலையாய் ஓடுகிறது. அவ்வலையே வெப்பத்தைச் சுமக்கிறது. வீணைத் தந்தியை எண்ணிப் பாருங்கள். தந்தி மெல்லியதாகவும் முறுக்கு மிகுந்தும் இருந்தால் அலை விரைந்தோடும். கரி அணு எடை குறைந்தது. வைரத்தில் அதன் பிணைப்போ மிகுந்த விறைப்புடையது. ஆதலால் காற்றில் விநாடிக்கு 340 மீட்டர் அளவே செல்லும் ஒலியலை வைரத்தில் ஏறத்தாழ 18 கிலோமீட்டர் பாய்கிறது. கண்ணாடியிலும் நடுக்கம் உண்டு. ஆனால் அங்கு அணுக்கள் வரிசையின்றிக் குவிந்திருப்பதால் அலை இரண்டடி வைக்குமுன் சிதறிவிடுகிறது. அதன் அளவு 1, வைரத்தின் அளவு 2,000.

ஆக, கடத்துபவர் இருவர். உலோகத்தில் பெரும்பாலும் எலெக்ட்ரான். வைரத்தில் அணுக்களின் அலை. மின்சாரத்தைச் சுமக்க அலையால் ஆகாது.

இக்கதையில் நம்மவர் பங்கு சிறிதன்று. 1928இல் இராமன் விளைவு வெளியானபின், 1930இல் சி. இராமசாமியும் எஸ். பகவந்தமும் வைரத்தின்மீது ஒளியைச் செலுத்தி அதன் அணுக்களின் அதிர்வைத் தேடினர். விநாடிக்கு ஏறத்தாழ 40 லட்சம் கோடி முறை என்னும் அதிர்வு ஒரே தெளிவான கோடாகக் கிடைத்தது. பகவந்தம் இவ்வூர் நிஜாம் கல்லூரி மாணவர். பின்னாளில் உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் இருந்தார். இராமனோ வைரத்தின்மீது தீராக் காதல் கொண்டு, பன்னா முதலிய இடங்களிலிருந்து நூற்றுக்கணக்கான கற்களைத் திரட்டிப் பெங்களூரில் ஆராய்ந்தார்.

அக்காதலே அவரை ஒரு பிடிவாதத்தில் கொண்டு நிறுத்திற்று என்று கூறத் தயங்க வேண்டியதில்லை. வைரத்தின் அணுக்கள் எண்ணிச் சொல்லத்தக்க சில அதிர்வுகளையே உடையவை, அவை நின்ற இடத்தில் அதிர்பவை என்பது 1940களில் இராமன் கொண்ட கருத்து. அதிர்வுகள் தொடர்ச்சியாகப் பல அளவுகளில் உண்டு, அவை அலைகளாக ஓடுபவை என்பது மாக்ஸ் பார்ன் 1912 முதல் கூறிவந்த கொள்கை. இதே பார்னை 1935இல் பெங்களூருக்கு அழைத்து உபசரித்தவர் இராமன். பின்னர் இருவரும் ஆய்விதழ்களில் கடுமையாக மோதினர். கலைப் பட்டதாரியான நமக்கே ஓர் ஐயம் எழுகிறது: நின்ற இடத்திலேயே ஆடும் ஆட்டம் வெப்பத்தை அப்பால் எடுத்துச் செல்வது எங்ஙனம்? 1967இல் வைரத்தின்மீதே நியூட்ரான்களைச் செலுத்திச் செய்த அளவுகள் பார்னின் பக்கம் நின்றன. 1970இல் மறையும்வரை இராமன் தம் கருத்தை விடவில்லை. பள்ளிப் பாடநூல்களில் இராமனின் வெற்றியை மட்டும் எழுதி இதனை விட்டுவிடுகிறோம். அவர் பெருமைக்கு இதனால் இழுக்கு வந்துவிடும் என்று அஞ்சுகிறோம் போலும்.

இதற்கிடையே, வைரங்கள் எல்லாம் ஒரு குலத்தவை அல்ல என்பதும் தெரியவந்தது. 1934இல் இராபர்ட்சன், பாக்ஸ், மார்ட்டின் என்னும் மூவர், கண்ணுக்குத் தெரியாத ஒளிகளை விழுங்கும் முறையைக் கொண்டு வைரத்தை இரு வகையாகப் பிரித்தனர். முதல் வகையில் நைட்ரஜன் அணுக்கள் கலந்திருப்பதே வேறுபாட்டுக்குக் காரணம் என்பது 1959இல் விளங்கிற்று. பித்தளையில் துத்தநாகம் எலெக்ட்ரானை மறிப்பதுபோல், வைரத்தில் நைட்ரஜன் அலையை மறிக்கிறது. அத்தகைய கற்களின் வெப்பக் கடத்தல் சில சமயம் பாதிக்கும் கீழாகிவிடும். பூமியில் கிடைக்கும் வைரங்களில் மிகப் பெரும்பாலானவை இவ்வகையே. நைட்ரஜன் ஏறக்குறைய இல்லாத மற்ற வகைதான் வெப்பத்தை மிக நன்றாகக் கடத்துவது; நீர்த்துளி போன்ற தெளிவால் அதற்கு நகை வணிகர் இன்றும் சூட்டியுள்ள பெயர் கோல்கொண்டா. கல் எந்நாட்டில் விளைந்ததாயினும் நல்ல பிறப்புக்கு இவ்வூரின் பெயர் வழங்குகிறது.

வைரம் மின்சாரத்தைக் கடத்தாது என்று மேலே எழுதினோம். அதற்கும் ஒரு விலக்கு உண்டு. அதுவும் கோல்கொண்டாச் சரக்கே. தவர்னியே இங்கிருந்து கொண்டுசென்ற பெரிய நீல வைரத்தை 1668இல் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி வாங்கினார். கொல்லூரில் கிடைத்தது என்று ஆராய்ச்சியாளர் பெரும்பாலும் கொள்ளும் அக்கல், பட்டை தீட்டப்பட்டு, 1792இல் புரட்சிக் குழப்பத்தில் களவு போய், மீண்டும் வெட்டப்பட்டு லண்டனில் தலைகாட்டி, ‘ஹோப்’ என்னும் பெயர் பூண்டது. 45.52 காரட் எடையுள்ள அதனை 1958இல் உரிமையாளர் வாஷிங்டன் அருங்காட்சியகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவைத்தார்! அதன் நீலம் போரான் அணுக்களால் வந்தது. பத்து லட்சம் கரி அணுக்களுக்கு ஒரு சில இருந்தால் போதும். போரானுக்கு வெளிப்புற எலெக்ட்ரான் மூன்றே. நான்கு பேர் அமர வேண்டிய இடத்தில் ஒரு காலி விழுகிறது. கல்யாணப் பந்தியில் எல்லா இலைகளிலும் ஆள் இருந்தால் எவரும் நகர இயலாது. ஓர் இலை காலியானால் அடுத்தவர் அதற்கு நகர்வார், அவர் இடத்துக்கு மற்றொருவர் நகர்வார். காலி இலை பந்தியின் மறுகோடிவரை பயணம் செய்துவிடும். நீல வைரத்தில் மின்சாரம் ஓடுவது இப்படித்தான். கலப்பு என்பது எப்போதும் தடை என்று கருதியிருந்தவர்க்கு, அதுவே வழியும் ஆகும் என்று இக்கல் காட்டியது. இன்றைய மின்னணுக் கருவிகள் அனைத்திலும் உள்ள சிலிக்கான் சில்லுகள் இயங்குவது இதே கலப்பு வித்தையால்.

கரியின் மற்றொரு வடிவமான பென்சில் கரி, அதாவது கிராபைட், வேறொரு விந்தை. அதில் அணுக்கள் தாள் தாளாக அடுக்கப்பட்டு, அணுவுக்கு ஓர் எலெக்ட்ரான் தாளின் பரப்பில் உலவுகிறது. தாளின் வழியே மின்சாரம் பாயும். தாள்களுக்குக் குறுக்கே அரிதாகவே செல்லும். இவ்வேறுபாடு ஆயிரக்கணக்கான மடங்கு என்று 1939இல் அளந்து கூறியவர் கே. எஸ். கிருஷ்ணனும் கங்கூலியும். வத்திராயிருப்பில் பிறந்த கிருஷ்ணன், கல்கத்தா, டாக்கா, அலகாபாத், டில்லி என்று வாழ்நாளின் பெரும்பகுதியை வெளியூர்களிலேயே கழித்தவர். தேசிய பௌதிக ஆய்வகத்தின் முதல் இயக்குநர். நம்மைப் போல் ஊர் மாறி வாழ்பவர் அவரை நம் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

வைரத்தின் இக்குணம் இப்போது நகைப் பெட்டியை விட்டு வெளியே வந்துவிட்டது. சிறு இடத்தில் பெருஞ்சூடு உண்டாகும் லேசர்க் கருவிகளிலும் உயர்திறன் மின்னணுச் சில்லுகளிலும், அச்சூட்டை உடனே பரப்பிவிட, செயற்கை வைரத் தகடுகளை அடியில் வைக்கின்றனர். செயற்கை வைர ஆராய்ச்சிக்கென 2023இல் மைய அரசு சென்னை ஐ.ஐ.டி.க்கு ஐந்தாண்டுத் திட்டமாக 242 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கியது.

நகைக் கடைக் கருவிக்கு வருவோம். வெப்பம் ஒன்றை மட்டும் நம்பியிருந்த அக்கருவிகளை, 1990களின் இறுதியில் சந்தைக்கு வந்த மாய்சனைட் என்னும் செயற்கைக் கல் ஏமாற்றியது; அதுவும் வெப்பத்தை நன்கு கடத்தும். ஆனால் அது சிறிது மின்சாரத்தையும் கடத்துவதால், புதிய கருவிகள் இரண்டையும் சோதிக்கின்றன. நம் கல்லோ வெப்பச் சோதனையிலேயே தோற்றது. வெள்ளை நீலமாயின் அதன் அளவு 35 சுமார்; கண்ணாடியாயின் 1. அந்தக் கல் எப்போது நுழைந்தது என்று அறிய வழியில்லை. தோடு நம் பாட்டியார் காலத்தது; தென்னாப்பிரிக்க யாகர்ஸ்பான்டீன் சுரங்கத்தின் பெயரால் நம் பெண்டிர் ‘ப்ளூ ஜாகர்’ என்று போற்றும் இனம். இடையில் இரண்டு ஊர்களில் மூன்று தட்டாரிடம் செப்பனிடப் போயிருக்கிறது.

வீடு திரும்பி அன்னையாரிடம் செய்தியைச் சொன்னோம். உதட்டுச் சோதனையைப் பற்றியும் சொன்னோம். அவர் தோட்டை வாங்கி, ஒவ்வொரு கல்லாக உதட்டில் ஒற்றிப் பார்த்தார்.

“எல்லாம் ஒண்ணுபோலத்தானேடா குளிர்றது?” என்றார்.

கற்கள் சிறியவை, ஒவ்வொன்றையும் சுற்றிப் பொன் இருந்தது. பொன்னின் அளவு 320 சுமார். அதை நாம் அவரிடம் சொல்லவில்லை. தோட்டைத் துடைத்து மீண்டும் காதில் போட்டுக்கொண்டார்.